வீடு மாத்திக்கலாமா பாஸ்?

ஃபாரின் டூர்னு சொன்னதும் உங்களுக்கு ஈஃபில் டவர் ஞாபகம் வரலாம். எனக்கு எங்க அப்பா முகம்தான் வரும். ஓட்டல் வாடகையை ராத்திரிக் கணக்குல பெருக்கிப் பார்த்துட்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா"ன்னு கால்குலேட்டரை உறைக்குள்ள போடுற முகம். ஒன்பதாவது படிக்கும்போது ஆரம்பிச்ச 'அடுத்த வருஷம்' இது. இப்ப நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம்!

நாங்க புதுச்சேரி, முத்தியால்பேட்டை. பிரெஞ்சுப் பெயர் வச்ச தெருவுல நடந்து, பிரெஞ்சு ரொட்டி தின்னு வளர்ந்துட்டு பிரான்ஸைப் பார்க்காம இருக்கலாமா? அதுலயும் எனக்கு பாரீஸைவிட நாந்த் நகரம்தான் கனவு. அங்கே 12 மீட்டர் உயரத்துல ஒரு இயந்திர யானை, முதுகுல ஆளுங்களை ஏத்திக்கிட்டு நடக்குது. 2007-லிருந்து நடக்குது. எங்க மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி 2022-ல செத்துப்போன அன்னிக்கு ஊரே அழுதுச்சு, நானும் அழுதேன். மெக்கானிக்கல் படிக்கிற பொண்ணுக்கு நடக்கிற யானையைப் பார்க்கணும்னு ஆசை வராதா?

சரி, கணக்குக்கு வருவோம். விமான டிக்கெட்டுல நம்ம சாமர்த்தியம் ஓரளவுதான் செல்லும். ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூன்லிருந்து பெரியவங்களுக்கு 90 யூரோ. 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்குற பயணக் காப்பீடு கட்டாயம். இதுல எதுவும் குறையாது. குறைக்க முடிஞ்சது ரெண்டே ரெண்டு, படுக்கையும் சாப்பாடும். அங்கேதான் 'ஹோம் எக்ஸ்சேஞ்ச்' வருது.

விஷயம் சிம்பிள். உங்க வீட்டுல அவங்க தங்குவாங்க, அவங்க வீட்டுல நீங்க. வாடகை கிடையாது. ஐரோப்பாவுல 1953-லேயே வாத்தியாருங்க ஆரம்பிச்ச பழக்கம் இது. நீளமான லீவு, குட்டியான சம்பளம்... வேற யாருக்குத் தோணும்? 2006-ல வந்த 'தி ஹாலிடே' படத்துல கேட் வின்ஸ்லெட்டும் கேமரான் டயஸும் வீடு மாத்திக்கிட்டதைப் பார்த்திருப்பீங்க. அதுல ஜோடியும் கிடைக்கும். நமக்கு ஓசி சமையலறை கிடைச்சா போதும்!

வீட்டுல இதைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏன்டி, முன்ன பின்ன தெரியாதவன்கிட்ட வீட்டுச் சாவியைக் குடுக்கச் சொல்றியா?" ரெண்டாவது கேள்வி இன்னும் கஷ்டம்: "நம்ம அடுப்புல மாட்டுக்கறி சமைச்சா?" ஆயா ஒரே வரியில முடிச்சிட்டாங்க: "நான் இந்த வீட்டை விட்டு எங்கயும் போறதா இல்ல."

யோசிச்சுப் பார்த்தா ஆயா சொன்னதுதான் நிஜமான சிக்கல். வெள்ளைக்காரங்க வீடு பூட்டிக் கிடக்கும். நம்ம வீடு என்னிக்கு பாஸ் காலியா இருந்திருக்கு? இதுக்கும் வழி இருக்கு. வீட்டுக்காரங்க வீட்டுலயே இருக்க, வந்தவங்க விருந்தாளியா தங்கிட்டுப் போறது. அடுத்த முறை இவங்க விருந்தாளி. ஒரே சமயத்துல மாத்திக்கணும்னும் கட்டாயமில்ல. நல்லவேளை! நமக்கு லீவு விடுற மே மாசத்துல, கத்திரி வெயில்ல, எந்தப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்கு வருவார்?

எங்க மாடி அறையை போட்டோ எடுத்துப் போட்டேன். முதல்ல கிடைச்ச குடும்பம் தங்கமான குடும்பம். மூணு வாரம் பேசி எல்லாம் முடியிற நேரத்துல, மடியில பூனையோட வீடியோ காலுக்கு வந்தாங்க. என் தம்பிக்குப் பூனை முடி பட்டாலே இழுப்பு வந்துடும். போச்சு! அன்னிக்கு ராத்திரி அவன் சாப்பிடாமலே படுத்துட்டான், ஏதோ அவன் தப்பு மாதிரி. முதல் நாளே நான் கேட்டிருக்கணும். நீங்களாவது கேளுங்க: பூனை, நாய், புகை, எத்தனை மாடிப்படி, லிஃப்ட் உண்டா... வெட்கப்படாம கேளுங்க.

ரெண்டாவது ஒரு வாத்தியார் ஜோடி, நாந்த்லயேதான். பூனை இல்ல! அவங்களுக்குக் குளிர்கால லீவு பிப்ரவரியில, அப்ப இங்கே வர்றாங்க. எங்களுக்கு செமஸ்டர் முடிஞ்சு மே கடைசியில அங்கே. அம்மாவோட அடுப்புக் கேள்வியை நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்தம்மா சிரிச்சுட்டு, "உங்க அம்மா சமைக்கிறதைத்தான் சாப்பிட வர்றோம்"னுட்டாங்க. அதிலிருந்து அம்மா கட்சி மாறிட்டாங்க.

இப்ப பேப்பர் வேலை. இதுல தூங்கிடாதீங்க. பிரான்ஸ்ல ஒருத்தர் வீட்டுல விருந்தாளியா தங்கணும்னா, அந்த வீட்டுக்காரர் அவங்க ஊர் நகராட்சியில 30 யூரோ கட்டி ஒரு சான்று வாங்கி அனுப்பணும். அதோட அருமை விசா நேரத்துலதான் தெரியும். ஓட்டல் பதிவு காட்டினா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 65 யூரோ செலவுக்குக் கையில இருக்குன்னு காட்டணும். இந்தச் சான்று இருந்தா 32.50 யூரோ போதும். நேர் பாதி! அப்பா இதை மட்டும் மூணு தடவை பெருக்கிப் பார்த்தார். விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே மனு போடலாம், கடைசி நாள்னா 15 நாள் முன்னாடி.

இந்தப் பக்கமும் ஒரு வேலை உண்டு. வெளிநாட்டவர் நம்ம வீட்டுல தங்கினா, வந்த 24 மணி நேரத்துக்குள்ள குடியேற்றத் துறைக்கு ஆன்லைன்ல தெரிவிக்கணும். சொந்தக்காரங்களா இருந்தாலும்தான். வாடகை வீட்டுல இருக்கீங்கன்னா ஓனர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்காம இந்தப் பக்கமே வராதீங்க. 'முன்பணம் அனுப்பு'ன்னு யாராவது கேட்டா பேச்சை அங்கேயே முடிங்க. இதுல பணமே கைமாறாது, அப்புறம் என்ன முன்பணம்? வீடியோ கால்ல ஒவ்வொரு அறையா நடந்து காட்டச் சொல்லுங்க. தேதி, ஆள் கணக்கு, எந்தப் பொருள் உடைஞ்சா யார் பொறுப்பு, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்குங்க. நம்ம ஸ்கூட்டி சாவி மட்டும் அந்த லிஸ்ட்ல வேணாம்.

போன ஞாயித்துக்கிழமை வர்றவங்களுக்கு வீட்டுக் குறிப்பு எழுதினோம். மோட்டார் எந்த நேரம் போடணும், கொசுவலை எங்கே இருக்கு, பூஜை அறைக்கு வெளியே செருப்பு... ரெண்டு பக்கம் ஓடிச்சு. நான் 'காற்றோட்டமான அறை'ன்னு அழகா எழுதியிருந்தேன். ஆயா கேட்டுட்டு, "ஃபேன் மூணாம் நம்பருக்கு மேல வச்சா சத்தம் போடும்னு எழுதுடி. நம்பி வர்றவங்க"ன்னாங்க. எழுதிட்டேன்.

மாடி அறைக்கு இன்னும் வெள்ளையடிக்கல. அடுத்த ஞாயித்துக்கிழமை யாராவது ஃப்ரீயா பாஸ்? ஆயா கையால சுறாப்புட்டு உண்டு.