திண்ணையில் தைக்கும் சகோதரிக்கு



சித்திரை பிறந்துவிட்டால் நம்மில் பலருடைய தையல் இயந்திரம் அறையை விட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. வீடோ ஒரே அறை. மேலே தகரக் கூரை. மின்விசிறியைச் சுழலவிட்டால் தைக்கிற துணி பறக்கிறது. நிறுத்தினால் வியர்வை துணியில் சொட்டுகிறது. ஆகவே கோடையில் திண்ணையே நமக்குத் தையற்கூடம். அதைக் குறித்தே இந்த மாதம் எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது அகமதாபாத்தில். பஞ்சாலைகளை நம்பி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1980-களில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடப்பட்டபோது அப்பாவுக்கும் வேலை போயிற்று. அதன்பின் அம்மாவின் கால்மிதி இயந்திரமே குடும்பத்தை நடத்திற்று. வீட்டு முகப்பிலுள்ள திண்ணையை அங்கே ‘ஓட்லோ’ என்பார்கள். எங்கள் வரிசையில் ஓட்லோதோறும் ஒரு பெண் அமர்ந்திருப்பாள். ஒருத்தி பாவாடை மூட்டுவாள். ஒருத்தி நாடா கோப்பாள். கண் மங்கிய பாட்டி பிசிறு நூலை வெட்டுவாள். வெட்டிய துணியை வியாபாரி தருவார். கூலி டஜன் கணக்கில்.

அப்படி ஒரு மே மாத மதியம், சுமார் இரண்டு மணிக்கு, அம்மா இயந்திரத்தின்மேலேயே சாய்ந்து விழுந்தார்கள். காலையிலிருந்து அவர்கள் தண்ணீர் குடிக்கவில்லை. காரணத்தைப் பெண்கள் அறிவார்கள்: பொதுக் கழிப்பறை வரிசையின் கடைசியில் இருந்தது; பகலில் அங்கே போவது சங்கடம். அண்டை வீட்டார் நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து, விசிறிக் காப்பாற்றினார்கள். மறுநாள் வந்த வியாபாரியின் ஆள், மீதி உருப்படிகள் எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்டார். எண்ணெய்க் கறை பட்ட பாவாடைக்குக் கூலியும் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்றைய கணக்கில் துணிகள் இருந்தன, அம்மா இல்லை.

வெயில் விளையாட்டுக் காரியமல்ல. 2010 மே மாதத்தில் அதே அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைக் காட்டிலும் 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள். அதன் விளைவாகவே 2013-இல் அந்த நகரம் வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசியாவில் அதுவே முதலாவது. கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் அறையின் சூடு தணியும் என்பதையும் அங்குள்ள எளிய குடும்பங்கள் செய்து கண்டிருக்கின்றன. நாமும் செய்யலாம்.

திண்ணையில் தைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. விடிந்ததும் உட்காருங்கள், பதினொரு மணிக்கு எழுந்துவிடுங்கள். வெயில் சாய்ந்தபின் மறுபடி தொடங்கலாம். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழும்படி இயந்திரத்தைத் திருப்பிப் போடுங்கள். நேர்வெயில் தகட்டில் பட்டால் கண் கூசும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீரோ, உப்பிட்ட மோரோ குடியுங்கள். வெளியே இருக்கும் இயந்திரத்தில் புழுதி படியும். இரவில் பஞ்சையும் தூசியையும் துடைத்து, சில துளி எண்ணெய் விட்டு, கந்தல் துணியில் ஓட்டிவிட்டால் மறுநாள் உருப்படியில் கறை படாது.

ஒருவருக்குப் பேச்சுக் குழறி, உடல் நெருப்பாய்க் கொதித்தால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இன்னொன்று. வாங்கிய துணி, கொடுத்த உருப்படி, பெற்ற கூலி ஆகியவற்றைத் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டிலிருந்து தைப்பவளும் தொழிலாளியே என்று சொல்லித்தான் இலா பட் அம்மையார் 1972-இல் அதே அகமதாபாத்தில் ‘சேவா’ சங்கத்தைத் தொடங்கினார். நாமோ இன்றும், “வீட்டில் சும்மாதான் இருக்கிறேன், கொஞ்சம் தைக்கிறேன்” என்கிறோம். அது சும்மா அல்ல, சகோதரி.

தொற்காள் தைத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் குறித்துப் பலமுறை கேட்டிருக்கிறோம். அவற்றைத் தைத்தவள் வியாதிப்பட்டாள் என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. அதை நாம் வேகமாய் வாசித்துக் கடந்துவிடுகிறோம்.

இந்தக் கோடையில் உங்கள் தெருவில் நண்பகலிலும் இயந்திரச் சத்தம் கேட்டால், ஒரு செம்பு மோருடன் அந்தத் திண்ணைக்குப் போங்கள். அவர்கள் குடித்து முடிக்கும்வரை அருகில் உட்கார்ந்திருங்கள். சங்கடப்பட்டுத் தண்ணீர் குடிக்காதிருந்தால், கழிப்பறை வரைக்கும் துணைக்குப் போய் வாருங்கள். அன்றைக்கு என் அம்மாவுக்கு அந்தத் துணை கிடைக்கவில்லை.