பூட்டிய கதவும் நேர்மறை எண்ணமும்

நானும் ஒரு கோச்தான். கணினித் துறையில் ஆலோசகராகச் சம்பளம் வாங்குகிறேன். வார இறுதிகளில், இணையவழியில் பெற்ற ஒரு சான்றிதழை வைத்துக்கொண்டு, புதிதாக வந்த நம்மவர்களுக்கு வழிகாட்டுகிறேன். ஆகவே இங்கே நான் ஏசப்போவது என்னையும் சேர்த்துத்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன், வில்லரேயில் ஜாரி மெட்ரோவுக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் ஒரு தம்பியைச் சந்தித்தேன். ஊரில் சிவில் பொறியியலாளர். இங்கே இரவில் களஞ்சியமொன்றில் பெட்டி அடுக்குகிறார். ஆறு கிழமை அவருக்கு வகுப்பெடுத்தேன். காலை ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும், இலக்குகளை எழுத வேண்டும், 'முடியாது' என்பதை 'இன்னும் முடியவில்லை' என்று மாற்ற வேண்டும். இரவு வேலை செய்பவரை ஐந்து மணிக்கு எழும்பச் சொல்கிறேனே என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஆறாம் கிழமை அவர் சொன்னார்: "அண்ணை, நீங்கள் சொன்னதெல்லாம் செய்து பாத்திட்டன். என்னிலதான் ஏதோ பிழை இருக்கு."

அவரில் என்ன பிழை? கியூபெக்கில் பொறியியலாளராகத் தொழில் செய்யத் தொழிற்சபையின் உரிமம் வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்தை அவர்கள் மதிப்பிட வேண்டும். தொழிலுக்குப் போதிய பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். ஆறு கிழமையில் இவற்றில் ஒன்றைப் பற்றியும் நான் அவரிடம் கேட்கவில்லை. நான் இங்கேயே முதுகலை படித்தவன். என் வேலைக்கு எந்தச் சபையின் உரிமமும் தேவைப்படவில்லை. எனக்குக் கதவு திறந்தே இருந்தது. அதை என் மன உறுதி என்று நினைத்துக்கொண்டேன்.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழரில் பலர் மொன்றியலுக்கு வந்தார்கள். அவர்களிடம் மன உறுதிக்கா பஞ்சம்? கடலில் அவர்களைக் காத்தவர்கள் மீனவர்கள். கரையில் காத்தது, தங்கி வேலை செய்ய அனுமதித்த பத்திரம்.

'வளர் மனப்பாங்கு' என்பதை உலகெங்கும் பரப்பிய உளவியலாளர் கரோல் டுவெக்கின் நூல் 2006இல் வந்தது. 2015இல் அவரே எச்சரித்தார்: முயற்சியை மட்டும் புகழ்வது வளர் மனப்பாங்கு ஆகாது, புதிய வழிகளைத் தேடுவதும் பிறர் உதவியைப் பெறுவதும் சேர்ந்ததே அது. நாங்கள் முயற்சியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டோம். விற்க அதுதான் சுலபம். தோற்றால் பழியும் வாங்கியவர் தலையிலேயே விழும்.

நம்பிக்கை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். முப்பத்தைந்து வயதில் பிரெஞ்சு வகுப்பில் தடுமாறி வாய்திறக்க நிறையவே மனத்திடம் வேண்டும். ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்த பிறகுதான் அந்தத் திடத்துக்குப் பயன் உண்டு.

ஆகவே, சக கோச்மாரே, மாற வேண்டியது முதலில் எங்கள் மனப்பாங்கு. மனதைப் பற்றிப் பேசுமுன் விசா, பட்டம், மொழி, வேலை நேரம், வாடகை ஆகியவற்றைக் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இந்த மாகாணத்தில் 2012 முதல் உளச்சிகிச்சை சட்டத்தால் காக்கப்பட்ட தொழில். கோச் என்று பலகை மாட்ட எந்த உரிமமும் வேண்டாம். எங்களுக்குச் சட்டம் எல்லை போடவில்லை என்பதால், அதை நாங்களே போட்டுக்கொள்ள வேண்டும். நித்திரையின்றி, சாப்பாடு இறங்காமல் ஒருவர் முன்னால் இருந்தால் அவருக்குத் தேவை மருத்துவர். எங்கள் வகுப்பு அல்ல.

அந்தத் தம்பியை மறுபடி அதே கடைக்கு அழைத்தேன். "பிழை உங்களில இல்லைத் தம்பி, என்னில" என்றேன். தொழிற்சபையின் விண்ணப்பத்தையும் அரசின் இலவச பிரெஞ்சு வகுப்புக்கான பதிவையும் சேர்ந்திருந்து பார்த்தோம். இரண்டு மணித்தியாலம் போனது. அந்த ஆறு கிழமையையும்விட உருப்படியான இரண்டு மணித்தியாலம்.

எழும்பும்போது கேட்டார்: "அப்ப அந்த ஐஞ்சு மணிக்கு எழும்புறது, அண்ணை?"

"பேசாமல் படுத்து நித்திரை கொள்ளுங்கோ" என்றேன்.