மூணாம் கிளாஸ்ல மீசையா?

மூணாம் கிளாஸ் படிக்கிற பொண்ணு வயசுக்கு வந்துட்டா ராஜபாளையத்துலயும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் சரி, வீடே பதறும். அதே வயசுப் பையனுக்கு மீசை அரும்பி, குரல் உடைஞ்சா? “தாத்தா மாதிரி வாட்டசாட்டம்”னு பெருமை. என்னைக் கேட்டா பையனுக்குத்தான் கூடுதலா பதறணும்.

ஏன்னா பெண் குழந்தைகள்ல பெரும்பாலும் தனியா ஒரு நோய் இருக்காது. 9 வயசுக்கு முன்னாடி பருவமடையுற பையன்கள்ல அடியில ஒரு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம்.

அதைக் கண்டுபிடிக்க முதல் துப்பு விதைப்பைதான். ஆர்க்கிடோமீட்டர்னு மணிமாலை மாதிரி ஒண்ணு இருக்கு. அதை வெச்சு விதையோட அளவைப் பார்ப்போம். ரெண்டு விதையும் 4 மில்லி அளவைத் தொட்டிருந்தா, பெரும்பாலும் மூளையில இருந்தே சிக்னல் சீக்கிரம் கிளம்பிடுச்சுன்னு அர்த்தம். எம்ஆர்ஐ எடுத்தே ஆகணும். ஒரு பக்கம் மட்டும் பெருசா இருந்தா அதுல கட்டி இருக்கான்னு பார்க்கணும்.

விதை சின்னதாவே இருக்கு, ஆனா உறுப்பு வளர்ந்து முடியும் வந்திருக்குன்னா சந்தேகம் அட்ரினல் சுரப்பி மேல. அதுல முக்கியமானது சிஏஹெச்ங்கிற பரம்பரைக் குறைபாடு. தாய்மாமன், அத்தை மகன்னு சொந்தத்துல முடிக்கிற குடும்பங்கள்ல இதுக்கு வாய்ப்பு கூடுது. ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை தினமும் போடணும். திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து.

“டவுசரைக் கழட்ட வேண்டாம் சார், கூச்சப்படுறான்”னு சொல்ற அப்பாக்களே, அங்க பார்க்காம எதையும் சொல்ல முடியாது.

(பிராய்லர் கோழி கேஸ் தனி. ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறாங்கங்கிறது வதந்தி. அது சீக்கிரம் வளர்றது இனமும் தீவனமும் அப்படி.)

இன்னொண்ணு உயரம். இப்போ கிளாஸ்லயே நெட்டையா இருப்பான். ஆனா எலும்பு சீக்கிரம் மூடிடும், கடைசியில எல்லாரையும் விடக் குட்டையா நின்னுடுவான். இடது மணிக்கட்டு எக்ஸ்ரே ஒண்ணு போதும், எலும்போட வயசு தெரிஞ்சிடும்.

மூளை சிக்னல்தான் காரணம்னா லியூப்ரோலைடு ஊசி இருக்கு, மாசத்துக்கு ஒண்ணு இல்லன்னா 3 மாசத்துக்கு ஒண்ணு. “பின்னாடி குழந்தை பிறக்காதா?”னு கேக்குறாங்க. ஊசியை நிறுத்தினதும் பருவ வளர்ச்சி திரும்பத் தொடங்கிடும், பயப்படாதீங்க. எலும்பு மூடின பிறகு இந்த ஊசியால பிரயோஜனம் இல்ல.

முதல்ல பக்கத்து ஜிஹெச்ல காட்டுங்க, மதுரைக்கு அனுப்பணுமான்னு அங்க சொல்வாங்க. கூடவே தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் இருந்தாலோ, காரணமே இல்லாம திடீர் திடீர்னு சிரிச்சாலோ (அது ஒரு வகை வலிப்பா இருக்கலாம்) அன்னிக்கே கூட்டிட்டு வாங்க.