தீரா வியாதிகளும் கிராம வைத்தியமும்

நமது தேசத்து ஜனங்களை வாட்டும் வியாதிகளின் இயல்பு மாறிவிட்டது. அவற்றுக்கு வைத்தியம் செய்யும் முறைதான் இன்னும் முழுவதும் மாறியபாடில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆராய்ச்சியின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவும், 31 கோடிக்கு மேற்பட்டோருக்கு ரத்தக் கொதிப்பும் உள்ளன. இவற்றைப் பணக்காரர் வியாதிகள் என்று சொல்லி ஒதுக்கிய காலம் மலையேறிவிட்டது. 2021-இல் தொற்றா நோய்களால் உலகெங்கும் 4 கோடியே 30 லட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டனர் என்றும், அவர்களில் நூற்றுக்கு 73 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமானமுள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது.

ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலி தருவதில்லை. காய்ச்சலைப் போல் ஆளைப் படுக்கையில் தள்ளுவதுமில்லை. அதன் ஆபத்து முழுவதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. கூலியாள் ஒருவனை ஒரு முகாமில் பரிசோதித்து, வியாதி இருப்பதாகச் சொல்லி, சில நாட்களுக்கு மாத்திரையும் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை தீர்ந்ததும் அவன் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகும். வரிசையில் நின்ற பிறகு, ‘மருந்து வரவில்லை, அடுத்த வாரம் வா’ என்ற பதிலும் கிடைக்கலாம். உடம்பில் ஒரு நோவும் தெரியாதவன் மறுமுறை எதற்காகப் போவான்? சில வருஷங்களில் அவன் பக்கவாதத்தால் வீழ்கிறான். சொற்ப விலை மாத்திரையால் தடுத்திருக்கக்கூடிய விபத்து, ஒரு குடும்பத்தின் சம்பாத்தியத்தையே அழித்துக் கடனில் மூழ்கடிக்கிறது.

இது அவனுடைய அசட்டையால் வந்ததா? அன்று என்பதே நமது அபிப்பிராயம். 1943-இல் நியமிக்கப்பட்ட ஸர் ஜோஸப் போர் கமிட்டி, வைத்தியச் செலவுக்குப் பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்று 1946-இல் வெளியிட்ட அறிக்கையில் வற்புறுத்தியது. அந்த அறிக்கையே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வித்திட்டது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்துடன் அவை தோன்றலாயின. மலேரியா, அம்மை, பிரசவ மரணம் ஆகியவையே அன்றைய பெருங்கவலைகள். காய்ச்சலோ காயமோ கண்டு வந்தவரைப் பார்த்து, மருந்து கொடுத்து அனுப்பும் ஸ்தாபனமாக அவை வளர்ந்தன. தீரா வியாதிக்கு அந்த ஏற்பாடு போதாது. வந்தவரைக் கவனிப்பதோடு, வராதவரைத் தேடுவதும் அதற்கு வேண்டும்.

இத்தகைய தேடல் நமது கிராம நிலையங்களுக்குப் புதிதன்று என்பதை மறக்கலாகாது. தடுப்பூசிக்கு வராத குழந்தையின் வீட்டைத் தேடிக் கிராம நர்ஸ் போகிறார். கர்ப்பிணியின் பெயரைப் புத்தகத்தில் எழுதிப் பிரசவம் வரையில் கவனிக்கிறார். அதே புத்தகமும் அதே கவலையும் நீரிழிவுக்காரருக்கும் கிடைக்கவேண்டும் என்பதே நமது கோரிக்கை. இதற்கெனத் தனி இலாகாவும் தனிக் கட்டிடமும் எழுப்புவது வீண் செலவு. இருக்கும் நிலையத்தின் அன்றாட வேலையிலேயே இது கலந்துவிட வேண்டும்.

இது வெறும் கனவு என்பார்க்கு அனுபவமே பதில் சொல்லும். 2017-இல் பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், தெலங்கானா ஆகிய ஐந்து மாநிலங்களில் ரத்தக் கொதிப்பைக் கட்டுப்படுத்தும் இயக்கமொன்று ஆரம்பமாயிற்று. எந்த மருந்தை எந்த அளவில் தொடங்குவது, கொதிப்பு தணியாவிட்டால் அடுத்தது எது என்று ஒரே தாளில் அடங்கும் விதிமுறை. தடையில்லாத மருந்துச் சரக்கு. வீட்டுக்கு அருகிலேயே ஒரு மாதத்து மாத்திரை. டாக்டருடன் நர்ஸும் பொறுப்பைப் பகிர்தல். வியாதியஸ்தரின் பெயரும் அளவும் கொண்ட பதிவு: இவ்வளவே அதன் சூக்ஷ்மம். 2022-க்குள் அது 23 மாநிலங்களில் 130-க்கு மேற்பட்ட ஜில்லாக்களுக்குப் பரவி, 34 லட்சத்துக்கு அதிகமானோர் சர்க்கார் நிலையங்களில் சிகிச்சை பெறலாயினர். சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கொதிப்பு அடங்கியது. தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. கூலியாளின் ஒரு நாள் கூலி அதனால் காப்பாற்றப்பட்டது என்பது சிறிய காரியமல்ல.

நம்மினும் வறிய தேசங்களும் இவ்வழியில் நடந்திருக்கின்றன. ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில், நாட்டுப்புற ஜில்லா ஆஸ்பத்திரிகளில் பயிற்சி பெற்ற நர்ஸுகளே நீரிழிவையும் இருதய நோயையும் கவனிக்கும் ஏற்பாடு சுமார் இருபது வருஷங்களுக்கு முன்பே தொடங்கியது. குழந்தைப் பருவத்திலேயே வரும் நீரிழிவுக்கு இன்சுலின் இல்லையேல் மரணம் நிச்சயம். அத்தகைய கடும் வியாதிகளுக்குப் பட்டணத்துக்கு ஓடாமல் ஜில்லாவிலேயே சிகிச்சை தரும் திட்டத்தை, 2022 ஆகஸ்டில் லோமே நகரில் கூடிய ஆப்பிரிக்க தேசங்களின் சுகாதார மந்திரிகள் ஏற்றுக்கொண்டனர். டாக்டர்கள் போதாது என்ற சாக்கு இனிச் செல்லாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். புதிய வேலை முழுவதையும் கிராமத்து ஸ்திரீகளின் தலையில் சுமத்தி, அவர்களைத் ‘தொண்டர்கள்’ என்று புகழ்ந்து, ஊதியத்தில் மட்டும் கையைச் சுருக்குவது நியாயமன்று. 2025 பிப்ரவரியில் கேரளத்து ஆஷா ஊழியர்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் போராட்டம் தொடங்கியதன் காரணம் இதுவே. பசித்த ஊழியரைக் கொண்டு நெடுநாள் வைத்தியம் நடத்த முடியாது.

எத்தனை லட்சம் பேரைப் பரிசோதித்தோம் என்று மேடைகளில் கணக்குச் சொல்லப்படுகிறது. பரிசோதனை வைத்தியமாகாது. தத்தம் ஊரிலுள்ள நிலையத்துக்குப் பொதுஜன ஊழியர்கள் நேரில் சென்று மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். சென்ற மாதம் மருந்து எத்தனை நாள் இல்லாமற் போயிற்று? பதிவானவர்களில் எத்தனை பேர் திரும்ப வரவில்லை? எத்தனை பேருக்கு வியாதி அடங்கியிருக்கிறது? இவற்றுக்குப் பதில் சொல்லமுடியாத நிலையம் எவ்வளவு பெரிய கட்டிடத்தில் இருந்தும் பயனில்லை. சர்க்கார் இக்கணக்கை ஜில்லாவாரியாக மாதந்தோறும் வெளியிடவேண்டும் என்று வற்புறுத்துகிறோம். கேட்பது ஜனங்களின் உரிமை. பதில் சொல்வது சர்க்காரின் கடமை.