உங்க பிளேலிஸ்ட்டை உண்மையில் யார் போடுறாங்க?

காலையில் மெட்ரோ ஏறி இயர்போனை மாட்டியதும் நாம் தேடிப் போடுவது ஒரே ஒரு பாட்டு. அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓட ஆரம்பிக்கும். இறங்கும் ஸ்டேஷன் வருவதற்குள் எட்டு, பத்து பாட்டு ஓடியிருக்கும். மீதியை யார் தேர்ந்தெடுத்தாங்க?

கேள்வி புதுசு இல்லை. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் அது ஓரங்கட்டப்பட்டு, சாஸ்திரிய சங்கீதம் நிறைந்தது. மக்கள் என்ன செஞ்சாங்க? ரேடியோவைத் திருகி சிலோனுக்குப் போயிட்டாங்க. கடைசியில் 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கி, அரசே சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போது கதவை மூடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் வேறு கதவைத் தேட முடிந்தது.

இப்போ கதவு எங்கே இருக்குன்னே தெரியலை. ஸ்பாட்டிஃபை 2020-ல் அறிமுகப்படுத்திய 'டிஸ்கவரி மோட்' ஒரு உதாரணம். லேபிளோ கலைஞரோ ஒரு பாட்டைக் குறித்துக் கொடுத்தால், ஆட்டோபிளே, ரேடியோ போன்ற இடங்களில் அது நம் காதுக்கு வரும் வாய்ப்பு கூடும். முன்பணம் கிடையாது. பதிலாக, அந்த இடங்களில் அந்தப் பாட்டுக்குக் கிடைக்கும் ராயல்டியில் 30% கமிஷன். பேர் மட்டும் 'உங்களுக்காக'!

சரி, பாட்டு நல்லா இருந்தா தானா ஓடும்ல? ஓடினாலும் காசு வேற கணக்கு. நீங்கள் கட்டும் சந்தா நேராக நீங்கள் கேட்ட பாடகருக்குப் போவதில்லை. எல்லோருடைய பணமும் ஒரே குடத்தில் விழுந்து, மொத்த ஸ்ட்ரீமில் யாருக்கு எத்தனை பங்கு என்று பார்த்துப் பிரிக்கப்படுகிறது. மாதம் முழுக்க ஒரு கானா பாடகரை மட்டும் நீங்கள் கேட்டிருந்தாலும், உங்கள் காசில் பெரும்பகுதி ஹிட் பாட்டுகளுக்குத்தான். 2024-லிருந்து இன்னொரு விதி: 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது.

பாட்டின் வடிவத்தையும் இது தொடுகிறது. 30 விநாடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம் கணக்கு. அதற்குள் ஸ்கிப் செய்தால் காசு இல்லை. அப்புறம் யார் நிதானமா ஒரு நிமிஷம் வயலினை வாசிக்க விடுவாங்க?

தமிழில் இதற்கு மேல் சினிமா என்று ஒரு அடுக்கு இருக்கிறது. படப் பாட்டுக்கு ஆடியோ உரிமை வாங்கிய லேபிள், லிரிக் வீடியோ, இசை வெளியீட்டு விழா, ஹீரோவின் முகம் எல்லாம் சேர்ந்தே வரும். தனியிசைக் கலைஞருக்கு இதில் எதுவும் இல்லை. 2021-ல் 'எஞ்சாய் எஞ்சாமி' அந்தச் சுவரைத் தாண்டியது உண்மைதான். ஆனால் அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் என மூவருமே சினிமா மூலம் ஏற்கெனவே தெரிந்தவர்கள். அவ்வளவு ஹிட்டுக்குப் பிறகும் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024-ல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கில் பார்வை கிடைத்த பாட்டுக்கே இந்த நிலை என்றால், 900 ஸ்ட்ரீமில் நிற்கும் வியாசர்பாடிப் பையனை யோசிச்சுப் பாருங்க.

ஆட்டோபிளேயை செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். ஒரு வாரம் அணைச்சுப் பார்த்தேன். முதல் பாட்டு முடிந்து அமைதியானதும், அடுத்து என்ன கேட்கணும்னு சட்டுனு எனக்கே தோணலை.