நம் பெயரிலுள்ள ஏடு

முன்னாளில் மடவளைக் கடைவீதியில் ஒருவரது நாணயத்தைக் கடைக்காரரின் கடன் கொப்பியே காட்டிற்று. இன்று அக்கொப்பியின் இடத்தை, 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பெற்ற இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் பெற்றுள்ளது. ‘கிரிப்’ என்றதும் கறுப்புப் பட்டியலென அஞ்சுவோர் பலர். அஃது உண்மையன்று. ஒழுங்காகச் செலுத்திய தவணைகளும் அங்கே பதிவாகின்றன. கடன் தருவதா, மறுப்பதா என்று தீர்மானிப்பது வங்கியேயன்றிப் பணியகமன்று.

கடைக்காரரின் கொப்பியில் பிழை கண்டால் அங்கேயே கேட்டுத் திருத்தினோம். இவ்வேட்டையோ நம்மிற் பலர் ஒருமுறையேனும் பார்த்ததில்லை. உறவினர் பொருட்டு, முகத்தாட்சணியத்தால், பிணைக் கையொப்பமிடுகின்றோம். அப்பிணையும் நம் பெயரிற் பதிவாகின்றது. அவர் தவணை தவறின் பழி நமக்கும் உண்டு. பின்னர், பிள்ளையின் படிப்புக்கோ வீட்டுக்கோ கடன் வேண்டி நிற்கும் நாளிலேதான் அதனை அறிகின்றோம்.

கட்டணஞ் செலுத்தி எவரும் தமது அறிக்கையைப் பெறலாம்; பிழை காணின், திருத்தமுங் கோரலாம். மறுப்புக் கிடைத்த பின்னரன்று, முன்னரே அதனைச் செய்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. கல்லூரியை நீங்கிய நாளில் விடுகைப் பத்திரத்தை எழுத்தெழுத்தாகப் படித்தோமல்லவா? இவ்வேட்டையும் அவ்வாறே படிப்போமாக.