இரண்டு தந்தி, ஒரு பாம்பு

பாம்பாட்டியின் மகுடியை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுரைக்குடுக்கையிலிருந்து இறங்கும் குழல்கள் இரண்டு. ஒன்றில் விரல்கள் ஓடும். பாட்டு அதில் பிறக்கும். மற்றொன்று ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பாம்பாட்டிகள் தெருக்களிலிருந்து மெல்ல மறைந்தார்கள். இரட்டைக் குழலின் தத்துவம் மறையவில்லை. மின்சாரக் கிடாரை எடுத்து ஹார்டு ராக் பழகும் இளைஞர்கள், தெரிந்தோ தெரியாமலோ, முதல் சில வாரங்களிலேயே அதைத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் அதற்குச் சொல்லும் பெயர் 'டபுள் ஸ்டாப்'.

பெயர் வயலின்காரர்களிடமிருந்து வந்தது. தந்தியை விரலால் அழுத்துவது 'ஸ்டாப்'. இரண்டு தந்திகளை அழுத்தி ஒருசேர ஒலிக்கச் செய்தால் 'டபுள் ஸ்டாப்'. மூன்று சுரங்களாவது சேர்ந்தால்தான் முறையான 'கார்டு' என்பது மேற்கத்தியப் பாடப்புத்தகக் கணக்கு. அந்தக் கணக்குப்படி இது பாதிக் கிணறு. ஆனால் பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து தலைக்குள் உட்கார்ந்துகொள்ளும் குட்டிக் கிடார் வரிகள், அதாவது 'ரிஃப்'கள், பலவற்றுக்கும் தண்ணீர் கிடைத்தது இந்தப் பாதிக் கிணற்றில்தான்.

காரணம் ஒலிபெருக்கியில் இருக்கிறது. அதன் சக்திக்கு மேல் அதை முடுக்கினால் ஒலி கரகரக்கும். ஹார்டு ராக்கின் உயிர் இந்தக் கரகரப்பு. அப்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. இரண்டு சுரங்களை வாசித்தால் இரண்டு மட்டும் கேட்பதில்லை. அவற்றைக் கூட்டியும் கழித்தும் வரும் புதிய ஒலிகளும் கூடவே எழும்புகின்றன. சட்ஜம் விநாடிக்கு 200 அதிர்வு, பஞ்சமம் 300 என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 100. அதே சட்ஜம், ஒரு ஸ்தாயி கீழே! யாரும் மீட்டாத மந்திர சட்ஜம் அடியில் வந்து நிற்கிறது. இரண்டே தந்தியில் சுவர் அதிரும் கனம் கிடைப்பது இப்படித்தான்.

இதே வேலையைக் காந்தாரத்தை வைத்துச் செய்தால் கதை மாறுகிறது. சட்ஜம் 400 என்றால் சுத்தமான அந்தர காந்தாரம் 500. ஆனால் கிடாரின் மெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரித்துப் பதிக்கப்பட்டவை. அங்கே காந்தாரம் சுமார் 504இல் விழுகிறது. கழித்தால் 104, சட்ஜமும் இல்லை, வேறு உருப்படியான சுரமும் இல்லை. கரகரப்பு இல்லாத கிடாரில் இந்தப் பிசிறு அதிகம் உறுத்தாது. கரகரப்பைக் கூட்டினால் உரசல் பெரிதாகும். மூன்று சுரமும் சேர்ந்தால் சேறாகும். பஞ்சமத்தில் பிசிறு மிகக் குறைவு: 300க்குப் பதில் 299.7. ஆகவே ராக் கிடார்காரர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டார்கள். பாடப்புத்தகத்தைத் தூக்கிப் போட்டது சோம்பேறித்தனத்தால் அல்ல, காதுக்குப் பட்டதால்.

வரலாறும் இதைச் சொல்கிறது. 1958இல் சக் பெர்ரி 'ஜானி பி. குட்' பாட்டின் தொடக்கத்தில் இரண்டு தந்திகளைச் சேர்த்தடித்து ஒற்றைக் கிடாருக்கு ஒரு கூட்டத்தின் ஆரவாரத்தைத் தந்தார். அதே ஆண்டு 'ரம்பிள்' வெளிவந்தது. கரகரப்புக்காக லிங்க் ரே ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் துளை போட்டார் என்பது பிரபலமான கதை. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் அந்தக் கூம்பை பிளேடால் கீறினார். 1972இல் டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' வந்தது. உலகத்தில் கிடார் விற்கும் கடைகளிலெல்லாம் வாசிக்கப்பட்டு அலுத்துப்போன ரிஃப் அது. அதில் ரிச்சி பிளாக்மோர் செய்தது எளிய தந்திரம். கிடாரின் பக்கத்துப் பக்கத்துத் தந்திகள், ஒரு ஜோடி நீங்கலாக, சட்ஜ-மத்திம இடைவெளியில் சுருதி கூட்டப்பட்டவை. இரண்டையும் ஒரே மெட்டில் அழுத்தினால் கீழே பஞ்சமம், மேலே சட்ஜம் என்ற ஜோடி தானாகக் கிடைக்கும். அந்த ஜோடியை அப்படியே ஏற்றி இறக்கினார். மேல் வரிசையில் வருபவை நாலே சுரங்கள்: சட்ஜம், சாதாரண காந்தாரம், இரண்டு மத்திமங்கள்.

இதற்கும் நெய்யாற்றின்கரைக்கும் என்ன சம்பந்தம்?

நெய்யாற்றங்கரையில் இருக்கிறது அருவிப்புறம். 1888இல் நாராயண குரு சிவலிங்கப் பிரதிஷ்டை செய்து, கேரளத்தின் சாதிச் சரித்திரத்தைத் திருப்பிவிட்ட இடம். அதற்கு முன் அவர் தவம் செய்தது குமரி மாவட்டத்து மருத்துவாழ் மலையில். இரண்டுக்கும் நடுவில் இன்று மாநில எல்லை ஓடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாகாணத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளை இந்தப் பக்கம், பாறசாலை அந்தப் பக்கம். பேச்சில் அந்தக் கோடு அவ்வளவு சுத்தமாக விழவில்லை. ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும் ஊர்கள் இவை. நவராத்திரிக்கு பத்மநாபபுரத்து சரஸ்வதி திருவனந்தபுரம் போகும்போது இந்த வழியாகத்தான் எல்லையைக் கடக்கிறாள். ஓரிரவு நெய்யாற்றின்கரையில் தங்குகிறாள்.

நாராயண குரு தமிழ் படித்தவர். தமிழில் தேவாரப் பதிகங்கள் எழுதியவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளமாக்கியவர். அவருடைய 'குண்டலினிப் பாட்டு' பாம்பை விளித்து ஆடச் சொல்லும் பாட்டு. பாம்பாட்டிச் சித்தரை அறிந்த தமிழ் வாசகருக்கு அது எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வேண்டியதில்லை. முதுகுத்தண்டில் சுருண்டு கிடக்கும் சக்தியைப் பாம்பாகக் கண்ட சித்தர் மரபு எல்லை தாண்டி மலையாளம் பேசியது அந்தப் பாட்டில்.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அது இன்னொரு எல்லையைத் தாண்டியது. 2003இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய 'அவியல்' ராக் குழு, 2008இல் தன் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பத்தில் 'ஆடு பாம்பே' என்று ஒரு பாட்டு இருக்கிறது. சொற்கள் குருவின் குண்டலினிப் பாட்டு. கிடார் ரெக்ஸ் விஜயன். இந்திய ராக் என்றால் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்ற எழுதாத விதி அப்போது வலுவாக இருந்தது. கொச்சியின் 'மதர்ஜேன்' குழு அதே 2008இல் வெளியிட்ட 'மக்தூப்' ஆல்பத்திலும் பாடல்கள் ஆங்கிலமே. அதன் கிடார்காரர் பைஜு தர்மஜன் கர்நாடக கமகங்களைத் தந்தியை வளைத்துக் கொண்டுவருவதில் பேர்போனவர். கிடார் ஊர்ப் பாஷை பேசியது, வாய் பேசவில்லை. அவியல் வாயையும் திறந்தது.

நம் ஊர்ப் பாட்டுக்கு ராக் ஒத்துவருமா என்ற பழைய சண்டைக்கு டபுள் ஸ்டாப்பில் ஒரு பதில் இருக்கிறது. பாம்போடு சேர்த்துச் சொல்லப்படும் ராகம் புன்னாகவராளி. அதன் உயிர் அசையும் காந்தாரத்தில் இருக்கிறது. கீழே முழு கார்டு வாசித்தால் அது தன் காந்தாரத்தை ஒரே இடத்தில் ஆணி அடித்து வைக்கும். பாடுபவரின் காந்தாரம் அதோடு மோதும். மேஜர், மைனர் என்ற முத்திரையும் பாட்டின் மேல் விழும். சட்ஜ-பஞ்சமம் மட்டும் வாசித்தால் அந்த நாற்காலி காலியாக இருக்கும். யார் உட்காருவது என்பதைப் பாட்டே முடிவு செய்யும். தம்புராவும் நாகசுரத்தின் ஒத்தும் நூற்றாண்டுகளாகச் செய்துவரும் உபகாரம் இதுதான். பாறசாலை பொன்னம்மாளும் நெய்யாற்றின்கரை வாசுதேவனும் தங்கள் ஊர்ப் பெயர்களைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனது இந்த ஜோடிச் சுரத்தின் மேல் உட்கார்ந்துதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. தம்புரா நகராது, ரிஃப் நகரும். ஜோடியை அப்படியே தூக்கி நடப்பதை மேற்கத்தியத் தேவாலய இசை இலக்கணம் கண்டிப்பாகத் தடுக்கிறது. இரண்டு குரல்கள் பஞ்சம இடைவெளியில் சேர்ந்து நகரக் கூடாது என்பது அதன் பால பாடம். 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து லண்டன் மிஷன் வேரூன்றிய பிரதேசம் இது. நான்கு குரல் ஞானப்பாட்டு இங்கே பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். அங்கே தவறாக இருப்பது ராக் மேடையில் முதுகெலும்பாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஒன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மடங்களில் துறவிகள் இப்படித்தான் பாடினார்கள். தடை பின்னால் வந்தது.

இப்படிப்பட்ட சொற்களுக்கு ரிஃப் எழுத உட்காருபவருக்கு வழிகள் மூன்று. முதலாவது மகுடி வழி: கனத்த தந்தியை அழுத்தாமல் சட்ஜமாக ஒலிக்கவிட்டு, பக்கத்துத் தந்தியில் ராகத்தின் நாலைந்து சுரங்களை நடக்கவிடுவது. இரண்டாவது பிளாக்மோர் வழி: ஜோடியாக நகர்வது. ஆனால் நகரும் ஜோடி போகுமிடமெல்லாம் தன்னையே சட்ஜமாகக் காட்டிக்கொள்ளும். கூடவே வரும் பஞ்சமம் ராகத்தில் இல்லாத சுரத்தையும் இழுத்து வரலாம். எந்தச் சுரத்துக்கு நகரலாம், எதற்குக் கூடாது என்று வாயால் பாடிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். மூன்றாவது காந்தார ஜோடி. அதை வாக்கியத்தின் கடைசியில், கரகரப்பைக் குறைத்து, ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்வது நல்லது. மூன்றுக்கும் பொதுவாக ஒன்று: உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமர்த்தி இடைவெளி விடுவது. சித்தர் பாட்டின் சந்தத்தில் நிறுத்தங்கள் முக்கியம். கிடார் அங்கே வாயை மூடவில்லை என்றால் சொல் கேட்காது.

சொல் கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம். எல்லையோரத்தில் வளரும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, கிடார் பழகினால் மூன்றாவதாக ஆங்கிலம். எதில் பாடினாலும் கடன் வாங்கியதுபோல் இருக்கிறது என்று தோன்றிவிட்டால் பாட்டு நின்றுபோகும். பாம்பாட்டிச் சித்தரிடமிருந்து குருவுக்கும், குருவிடமிருந்து அவியலுக்கும் ஒரு பாட்டின் அச்சு கைமாறியபோது யாரும் அதைக் கடன் என்று கூசவில்லை.

பக்கத்து வீட்டுப் பையனின் கிடார் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்தும் பெரியவர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக் கேட்கலாம். இரைச்சலை விலக்கிப் பார்த்தால் அடியில் இருப்பது அநேகமாகச் சட்ஜமும் பஞ்சமமும்தான். பையனும், மேலே எதைப் பாடுவது என்று யோசிக்கலாம்.